முதுகு காட்டிய வியாழக்கிழமை

சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பார்த்துத் தொலைக்கிறது, அதற்கென்ன, சுவர் கடிக்கவா போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் பிலோமின் அந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே சுவர் கடிக்க ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது உடம்பு, ஒட்டுத்துணி இல்லாமல், ஒரு மரமேடை மேல், பதினோரு பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. துணி இல்லாததெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. ஆறு வருஷமாக, செவ்வாயும் வியாழனும், பாரிசுக்கு வடக்கே ரயிலில் இருபது நிமிஷத் தொலைவில் இருக்கிற இந்த ஊரின் ஓவியப் பள்ளியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், நின்றிருக்கிறாள், படுத்துத் தூங்கிக் குறட்டையும் விட்டிருக்கிறாள். முதல் நாள் மட்டும்தான் வெட்கம், அன்றைக்கும் வெட்கத்தைவிடக் குளிர்தான் பெரிசாக இருந்தது. ஆனால் இப்படி முழுசாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது கிடையாது. எப்படித் திரும்பினாலும் முகத்தில் அரைவாசியாவது அவர்களுக்குக் கிடைக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை, இது அவளே கேட்டு வாங்கிக்கொண்டது, அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை. பின்னால் சத்தம் மட்டும் கேட்கிறது. சிவப்புக் கட்டிக்குச் சத்தமே கிடையாது, மாவு சலிக்கிற மாதிரி ஒரு மூச்சு. கறுப்பு கீறும். வெள்ளை எப்போதாவது டக்கென்று ஒரு கீறல், அவ்வளவுதான், பிறகு கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். மூன்றே மூன்று சாக்கட்டி. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் இல்லை, மண்ணின் கட்டி. சிவப்பு நம்ம ஊர் காவிக்கல்லேதான், வேண்டுமானால் முகர்ந்து பாருங்கள். முந்நூறு வருஷமாக இந்த நாட்டுக்காரர்கள் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பெண்களை வரைந்து தள்ளியிருக்கிறார்கள் என்று மதாம் பிரிசார் சொல்வாள், வகுப்பு நடத்துகிறவள், ஒல்லி, கன்னத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் தீற்றல். அந்தப் பழைய படங்களின் அச்சுகள் நடைவழி முழுக்கத் தொங்குகின்றன. உட்கார்ந்திருக்கும் பெண். சாய்ந்திருக்கும் பெண். கூந்தல் முடியும் பெண். ஒருத்திக்கும் பேர் கிடையாது. அவளுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கபிரியேல் தம்பி இருந்தானோ என்னவோ.

கபிரியேல் அவள் தம்பி. தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவன், கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்கிறவன், நல்லவன், நல்லவன் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அதுதான் எரிச்சலே. தப்பு அவளுடையது, அதையும் அவள் மறுக்கவில்லை. போன மாதம் வகுப்பில் ஜெரோம் என்கிறவர் வரைந்த படத்தை ஃபோனில் பிடித்து, கழுத்துவரைக்கும் வெட்டி, இது யாரு சொல்லுங்க பாப்போம் என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். ஆகா, ஓகோ, அக்கா, அத்தை, ராணி மாதிரி, கைகூப்பு, பூச்செண்டு. இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தம்பி மனைவி ரோஸ்லின் கேட்டாள்: "தோள்ல ரவிக்கை இல்லியே அண்ணி, மீதிப் படம் எங்க?" கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. மீதியையும் அனுப்பினாள். அன்றைக்கு அடங்கிய வாட்ஸ்அப் இன்னும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷம் செவ்வாயும் வியாழனும் எங்கே போகிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டு வேலையை விட்டுவிட்ட விதவை எங்கே போவாள், மருந்துக்கடைக்குப் போவாள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். பிறகு கபிரியேல் ஃபோன். "இன்னாக்கா இது?" "படம்." "படம்னு எனக்குத் தெரியாதா? இது மேரியில தொங்கப் போவுதாமே, ஞாயித்துக்கிழமை?" மேரி என்றால் நகரசபைக் கட்டடம், புதுச்சேரியிலும் அதே பேர்தான், அங்கே கடற்கரையில், இங்கே சந்தைக்கு எதிரில். "ஆமா, தொங்கப் போவுது. வகுப்புல வரைஞ்சத வருஷா வருஷம் மாட்றது." "சம்பந்தி வூடு அந்த ஊர்லதான் இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? பூசை முடிஞ்சி எல்லாரும் மேரி வழியாதான் மார்க்கெட்டுக்குப் போவாங்க. நான் மூஞ்சிய எங்க வெச்சிக்குவேன்?" உன் மூஞ்சி உன் கழுத்து மேலேயே இருக்கட்டும்டா, தொங்கப் போகிறது என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இதோ இப்போது, சுவரைப் பார்த்து, எவ்வளவு அழகாக வருகிறது பதில். அப்போது வரவில்லை, ஏனென்றால் அவன் அடுத்ததாகச் சொன்னது அப்படி. "முகம் வேணாம்னு சொல்லிடு. முதுகுன்னா யாருக்கு அடையாளம் தெரியப் போவுது? உன் ஆசையும் தீந்த மாதிரி இருக்கும், எங்க மானமும் நிக்கும். இல்லன்னா எலிஸ் நிச்சயத்துக்குத் தட்டை வேற யாராவது தூக்கட்டும்."

தட்டு. அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. எலிஸ் அவன் மகள், பிலோமினுக்கு ஞானமகள், ஞானஸ்நானத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் அவளை ஏந்திப் பிடித்தது இந்த இரண்டு கைதான். அவர்கள் வீட்டு வழக்கம், நிச்சயத்தன்றைக்கு மோதிரத் தட்டை ஞானத்தாய்தான் பீடம்வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிள்ளை குட்டி இல்லாதவளுக்குச் சபை நடுவில் நடக்கக் கிடைக்கிற ஒரே நடை அது. அதற்கென்று ஊதாப் பட்டு எடுத்து, ரவிக்கை தைத்து, முட்டிவலி தெரியாமல் நடக்க வரவேற்பறையில் காலித் தட்டோடு ஒத்திகை கூடப் பார்த்துவிட்டாள், சிரிக்காதீர்கள். அதனால் போன செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வந்ததும் வராததுமாக மதாம் பிரிசாரிடம் போய், அந்தப் படம் வேண்டாம், என் முகம் வேண்டாம், முதுகை வரைந்து மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள். மதாம் ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊர்க்காரர்களின் நாகரிகம் அது, கேட்க மாட்டார்கள், கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். "உங்கள் விருப்பம், பிலோமின். வியாழக்கிழமை முதுகு வரைவோம். முதுகுக்குப் பேர் போட வேண்டியதில்லை" என்றாள். சரி என்றாள் இவளும். அப்புறம் நேரே போய், பலகை நிறுத்துகிற சட்டத்தில் நின்றிருந்த படத்தைப் பலகையோடு தூக்கி, இதோ இந்தச் சுவரில், முகம் சுவர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள். ஜெரோம், "பொறுங்க மதாம், அதை அப்படியே" என்று ஏதோ சொல்லிக்கொண்டு ஓடிவந்தார். அவள் காதிலேயே வாங்கவில்லை. அந்தப் பலகைதான் இப்போது எதிரில். அவள் சுவரைப் பார்க்கிறாள், பலகைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவளும் சுவரைப் பார்க்கிறாள். நல்ல ஜோடி.

கணப்பு அடுப்பு வலப்பக்கம் மட்டும்தான் சுடும், அந்த இடுப்பு வேகிறது, இடது தொடை செத்துப்போய் மரக்கட்டை. மூக்கு அரிக்கிறது. அரிக்கட்டும். இதற்கு முன் சுவரைப் பார்த்து நின்றது ஒரே ஒரு தரம், முத்தியால்பேட்டை கன்னியர் பள்ளிக்கூடத்தில், எட்டு வயசில், ஞானோபதேச வகுப்பில் சிரித்ததற்காக. என்ன சிரிப்பு என்று ஞாபகமில்லை, கன்னியாஸ்திரி மசேரின் முக்காட்டில் ஈ உட்கார்ந்திருந்திருக்கும், வேறென்ன. சுவரைப் பார்த்து நில்லு என்றார்கள். ஒரு மணி நேரம் நின்று கால் கடுத்து நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். பிறகு திரும்பு என்றார்கள், திரும்பினாள், வகுப்பே கொல்லென்று சிரித்தது, நெற்றி முழுக்கச் சுண்ணாம்பு. சுவர் மேல் சாய்ந்தால் சுவர் ஒட்டிக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பரவாயில்லையே, கறுப்பிக்குக் கொஞ்சம் வெள்ளை ஏறியிருக்கு என்று எவளோ சொன்னாள். அந்த வெள்ளை அவள் பின்னாலேயே வந்தது. கல்யாணத்துக்குப் படம் எடுத்தார்களே, நேரு வீதி ஸ்டூடியோவில், அந்த ஆள் தூரிகையை வைத்துக்கொண்டு கன்னத்தில் ஒரு சுற்று, மூக்கில் ஒரு சுற்று என்று பூசிப் பூசி யாரோ ஒருத்தியைக் கொண்டுவந்தான். மாமியார் முதல் நாளே சொன்னாள், "போட்டோவுல வேற மாதிரி இருந்திச்சே." அவர், பாவம், ராணுவத்தில் இருந்த மனுஷன், சவரிராயன், எதுவும் சொல்லவில்லை, கடைசிவரைக்கும் எதுவுமே சொல்லவில்லை, நன்றாக இருக்கிறாய் என்றும் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம். மனுஷன் போன பிறகும் கோபம் வருகிறதே, இது என்ன அநியாயம், செத்தவரிடமா சண்டை போடுவாள். போடுவாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் உமக்கு? இங்கே முதல் வருஷம் ஜெரோம் செய்த கூத்தும் அதே கதைதான், தலைகீழாக. ஜெரோம் சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது, விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். அவளைப் பார்த்தார், கறுப்புக் கட்டியை எடுத்தார், முகம், தோள், முழங்கால் என்று விடாமல் தேய்த்தார். படத்தில் பெண்ணைக் காணோமாம், அடுப்பங்கரிதான் இருந்ததாம். மதாம் பிரிசார் வந்து அவர் கையைப் பிடித்தாள். "நிறுத்துங்கள். அவள் நிறத்தை நீங்கள் போட வேண்டியதே இல்லை. காகிதத்தைப் பாருங்கள்." காகிதம் பழுப்பு, வெந்த சர்க்கரைவள்ளித் தோல் நிறம். மதாம் அதைப் பிலோமினின் தோளோடு வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்று. "அவள் ஏற்கெனவே இங்கே இருக்கிறாள். சிவப்பில் ஆரம்பியுங்கள், அது உள்ளே ஓடுகிற ரத்தம். வெளிச்சம் நுழையாத இடத்துக்குக் கறுப்பு. வெளிச்சம் வந்து உட்கார்ந்த இடத்துக்கு வெள்ளை, ஒரு புள்ளி, அதற்கு மேல் கிடையாது." பூசாதே, விட்டுவிடு என்று ஒருத்தி சொல்லிக் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அசையாமல் உட்கார்ந்திருந்தாளே தவிர உள்ளே எழுந்து நின்றுவிட்டாள்.

மணி ஏன் அடிக்கவில்லை? முட்டை வேகவைக்க வைத்துக்கொள்கிற சின்ன மணி, இருபது நிமிஷத்துக்கு முடுக்கி வைப்பாள் மதாம், இன்றைக்கு மறந்துவிட்டாளோ. முட்டி உள்ளே ஊசி. வீடு ஐந்தாவது மாடி, மாடிப்படி, ஒருநாள் அந்தப் படியிலேயே விழுந்து கிடப்போம், யார் பார்ப்பார்கள், கபிரியேல்தான் பார்ப்பான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் பண்ணுகிறவன் அவன் ஒருத்தன்தான், அவனையும் பகைத்துக்கொண்டால்? இதுதான் பயம். மானமும் இல்லை மண்ணும் இல்லை, அசல் பயம் இதுதான், சுவருக்கு முன்னால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அப்படியானால் முதுகே இருந்துவிட்டுப் போகட்டும். முதுகு என்ன கேவலமா? நல்ல முதுகுதான். ஆனால் முதுகுக்கு மோவாய் கிடையாதே. ஜெரோமின் படத்தில் அவளைப் பிடித்து உலுக்கியது அந்த மோவாய்தான். ஆறு வருஷமாக யார் வரைந்ததையும் அவள் போய்ப் பார்த்ததில்லை, சமைத்தவள் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பாளா என்று ஒரு வீறாப்பு. அன்றைக்கு ஜெரோமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பார்த்தாள். அப்பாவின் மோவாய், கொஞ்சம் முன்னால் தள்ளி, யாருடா நீ என்று கேட்கிற மோவாய். அதற்குக் கீழே சிவப்பு, உதட்டோரம் கறுப்பு, கன்னமேட்டில் வெள்ளை ஒரே ஒரு புள்ளி, மற்றதெல்லாம் காகிதம், மற்றதெல்லாம் அவள். ஐயோ இது நான்தான் என்று தமிழில் கத்தினாள், ஜெரோமுக்குப் புரிந்துவிட்டது, சிரித்தார். அந்த மோவாய் கபிரியேலுக்கும் உண்டு. அச்சு அசல். அடப்பாவி, அதனால்தானே பயப்படுகிறாய்! வழியில் போகிற எவன் பார்த்தாலும் இது கபிரியேல் அக்கா என்று சொல்லிவிடுவான், பேரே போட வேண்டாம். அதை மறைக்க நான் சுவரைப் பார்க்க வேண்டும். பார்க்கிறேனே. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், தட்டுக்காக, ஊதாப் பட்டுக்காக, எலிசுக்காக, எலிஸ் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா, இல்லை, அவளிடம் யார் கேட்டார்கள், அவளும் எங்கோ ஒரு சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ. மணி அடித்தது.

ஐந்து நிமிஷ ஓய்வு. மதாம் வந்து, வழக்கம்போல வெள்ளைக் கட்டியால் அவள் இரண்டு பாதத்தைச் சுற்றியும் மேடையில் கோடு போட்டாள்; திரும்பி வந்து அந்தக் கோட்டுக்குள் காலை வைத்தால் அதே முதுகு அதே இடத்தில் கிடைக்கும். பிலோமின் அங்கியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்கள் காப்பிக்குப் போனார்கள். அவள் கால் நேரே பலகையிடம் போயிற்று. கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் சொல்லிக்கொண்டு அதைத் திருப்பினாள். மடி இருந்தது. கை இருந்தது. தோள் இருந்தது. முகம் இல்லை. சாய்த்து வைத்த பலகையில் மேல் விளிம்பு மட்டும்தானே சுவரைத் தொடும், முகம் இருந்தது அங்கேதான், மேலே. இரண்டு நாளாக யார் யாரோ போகும்போதும் வரும்போதும் இடித்து இடித்து, கண்ணும் மூக்கும் அந்த மோவாயும் தேய்ந்து ஒரு சிவப்பு மூட்டமாகப் போய்விட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சுவரில், அவள் இடுப்பு உயரத்தில், கையகலம் சிவப்பு. இவ்வளவு நேரம் அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "சாக்கட்டி உதிரும், மதாம்" என்றார் பின்னால் வந்து நின்ற ஜெரோம், மெதுவாக. "பொடி உதிராமல் பிடிக்கிற மருந்தைத் தெளிக்கிற வரைக்கும் எதன் மேலும் படக்கூடாது. மெல்லிய தாளால் மூடித் தருகிறேன் என்றுதான் அன்றைக்கு ஓடிவந்தேன்." நானேதான் அழித்தேன், என்று அவளுக்குத் தோன்றியது. கபிரியேல் வாயால்தான் சொன்னான், கையால் செய்தது நான். அங்கிப் பையில் ஃபோன் நடுங்கியது. அவனேதான்.

"சொல்லிட்டியாக்கா? எடுத்துட்டாங்களா?" என்றான். "முகம் போயிடுச்சி கபிரியேல்" என்றாள். "சுவத்துல தேஞ்சி அழிஞ்சே போயிடுச்சி." "அப்பாடா" என்றான் அவன்.

அப்பாடா. மனசார, வயிறு குளிர, சுமை இறக்கின ஆள் விடுகிற மூச்சு. அவன் கெட்டவனாக இருந்து சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். உன் முகம் அழிந்துவிட்டது என்று சொன்னால் கூடப்பிறந்தவனுக்கு அப்பாடா என்று வருகிறதே! ஸ்டூடியோக்காரன் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு அதைத்தான் சொல்லியிருப்பான், பூசி முடித்தாயிற்று அப்பாடா. மாமியார் சொல்லியிருப்பாள். எல்லாரும் சொல்லட்டும். "கபிரியேல், ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு மேரிக்கு வா" என்றாள். "ரோஸ்லினையும் அழச்சிட்டு வா. சம்பந்தி வூட்டையும் அழச்சிட்டு வா. திரும்ப வரையச் சொல்லப் போறேன்." "அக்கா, தட்டு?" "தட்டை நீ யாருகிட்ட குடுப்பியோ குடு. எலிஸ் கேட்டா, உங்க அத்தை ஆசைப்பட்டா, நான்தான் வேணாம்னேன்னு உன் வாயால சொல்லு." வைத்துவிட்டாள். வைத்த கையோடு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள், ஊதாப் பட்டு கண்ணுக்குள் வந்து நின்றது, நிற்கட்டும். காப்பிக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். பிலோமின் மூக்கைச் சிந்தினாள், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், மேடையில் ஏறினாள், வெள்ளைக் கோட்டுக்குள் காலை வைக்கவில்லை. குதிகாலால் அந்த இரண்டு பாதத்தையும் தேய்த்தாள், கோடு போய் மாவாகப் பரவும்வரை தேய்த்தாள். முக்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு முகம். ஆறு வருஷப் பழக்கம், ஒவ்வொன்றாக எல்லாம் தெரிந்த முகம், இருபதே நிமிஷத்தில் எவ்வளவு ஏங்கிப்போய்விட்டாள்.

"பிலோமின், என்ன செய்கிறீர்கள்? எல்லாரும் பாதி வரைந்தாயிற்று" என்றாள் மதாம் பிரிசார். "முதுகு போதும் மதாம். முகத்தை வரையுங்கள்." "ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது." "முடியும். மெழுகுச்சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும். அடியில் பேர் போடுங்கள். உட்கார்ந்திருக்கும் பெண் எல்லாம் வேண்டாம். பிலோமின் சவரிராயன், புதுச்சேரி." மதாம் சுவரைப் பார்த்தாள், அந்தச் சிவப்பைப் பார்த்தாள். குனிந்து, அவள் பாதத்தைச் சுற்றிப் புதுசாகக் கோடு போட்டாள், எழுந்து போய் மணியை முடுக்கினாள். யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ காகிதத்தைக் கிழித்தார்கள். ஜெரோம் பழுப்புத் தாள் ஒன்றைப் பலகையில் குத்தினார். அவசரத்தில் பெட்டியைத் துழாவி அகப்பட்டதை எடுத்தார், கறுப்பு. அமர்ந்திருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம், ஆறு வருஷத்தில் ஒருநாளும் மீறியதில்லை. "மிசியே ஜெரோம்" என்றாள் பிலோமின், உதடு மட்டும் அசைய. "சிவப்பு." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார், சிரித்தார், கறுப்பை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தார். மோவாயில் ஆரம்பித்தார்.